வன்தட்டின் சுருதி

வீட்டுக் கணினிக்குச் சத்தமில்லாத ஹார்ட் டிஸ்க் எது என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் அறையில் மின்விசிறி வருடத்தில் எத்தனை மாதம் ஓடுகிறது என்பதைத்தான். கேலி செய்வதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். கேலி இல்லை. சித்திரை வைகாசியில், முழு வேகத்தில் சுழலும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வன்தட்டும் மௌனமானதுதான். (வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு என்று இதற்குப் பல பெயர்கள். கலைச்சொல்லாளர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை எனக்கு வன்தட்டு போதும்.) அதே மனிதர் மார்கழியில் விசிறியை நிறுத்திவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு கதையின் கடைசிப் பத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்து வருவதைக் கேட்பார். பத்து மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆனால் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதைக் கேட்காமலிருக்க முடியாது. கதையின் கடைசிப் பத்தி அன்றைக்கு முடியாது.

இந்தத் தொல்லைக்கு இன்று எளிய விடை ஒன்று இருக்கிறது. ரிச்சி தெருவில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: “எஸ்.எஸ்.டி. போட்டுடுங்க சார், சத்தமே இருக்காது.” அவர் சொல்வது சரி. சுழலும் பாகமே இல்லாத பொருளுக்குச் சத்தம் ஏது? எழுதவும், மின்னஞ்சல் பார்க்கவும், எப்போதாவது ஒரு படம் பார்க்கவும் மட்டுமே கணினி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. வாங்கிக்கொள்ளலாம். இயங்குதளம் இனி எந்த வீட்டுக் கணினியிலும் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் பலர் வேறொரு வியாதி பிடித்தவர்கள். பழைய சிற்றிதழ்களைத் தேடி அலைபவர்கள், கிடைத்ததை ஸ்கேன் செய்து வைப்பவர்கள். அந்த வியாதியின் கணக்கு வேறு. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம், வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகிறது. 64 பக்க இதழ் ஒன்றுக்கு 1.7 ஜிகாபைட். அறுநூறு இதழ்கள் சேர்ந்தால் ஒரு டெராபைட் தீர்ந்துவிடும். கறுப்பு வெள்ளை இதழுக்கு எதற்கு வண்ணம் என்று கேட்பவர்கள், பழுப்பேறிய தாளில் யாரோ பென்சிலால் எழுதிவைத்த ஓரக்குறிப்பைப் படிக்க முயன்றதில்லை என்று நினைக்கிறேன். இதற்கு இரண்டு பிரதிகள் வேண்டும். ஆகக்கூடி எட்டு, பத்து டெராபைட் என்று போய்விடுகிறது. அந்த அளவை எஸ்.எஸ்.டி.யில் வாங்க வன்தட்டைப்போலப் பல மடங்கு செலவாகும். தவிர, எஸ்.எஸ்.டி. பரணில் போட்டுவைக்கிற பொருளும் அல்ல. தன் எழுத்து ஆயுளை முடித்த வீட்டுப் பயன்பாட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தரவைக் காப்பாற்றினால் போதும் என்பதுதான் அந்தத் துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட அளவுகோல். புதிது அதைவிட நீண்ட நாள் தாங்கும் என்பது உண்மை. இருந்தாலும் நம் ஊர்ப் பரணின் வெப்பம் என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே சுழலும் தட்டு இன்னும் நமக்குத் தேவைப்படுகிறது.

அதன் ஓசை இரண்டு வகை. ஒன்று சுழற்சியின் ரீங்காரம். மற்றொன்று, தட்டின் மேல் எழுதவும் படிக்கவும் செய்கிற முனை, இடம்விட்டு இடம் தாவும்போது எழும் கரகரப்பு. தொண்ணூறுகளின் வன்தட்டுகளை வைத்திருந்தவர்களுக்கு மூன்றாவதும் ஒன்று நினைவிருக்கும். உள்ளே குண்டு பேரிங் தேயத் தேய, மேல் ஸ்தாயியில் ஒரு கீச்சொலி நாளுக்கு நாள் வளரும். 2001ல் வந்த சீகேட் பாரகுடா ஏ.டி.ஏ. 4 போன்றவை குண்டுகளுக்குப் பதிலாக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் தட்டுகளைச் சுழல விட்டன. கீச்சொலி அதோடு ஒழிந்தது. ஓசைக்கு அஞ்சுகிறவர்கள் அந்தத் தட்டைத் தேடித்தேடி வாங்கினார்கள். இன்று எல்லா வன்தட்டுகளும் அப்படித்தான் சுழல்கின்றன.

ரீங்காரத்துக்கு வருகிறேன். இது சுத்தமான சங்கீதக் கணக்கு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஆகவே அதன் ஆதார ஒலி 120 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஸட்ஜத்துக்குச் சற்றே கீழே. 5400 முறை சுழல்வது 90 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 90க்கு 120 என்பது மூன்றுக்கு நான்கு. அதாவது மெதுவான தட்டை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் வேகமான தட்டு அப்பழுக்கில்லாத சுத்த மத்யமம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருந்த காலத்தில் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தம் உண்டு. ஒரே வேகமுள்ள இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால்தான் துன்பம். இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. சுருதி சேராத தம்பூராவின் இரண்டு தந்திகள்போல ஓசை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அலையாக வரும். சீரான ஓசையைக் காது ஒரு கட்டத்தில் மன்னித்துவிடுகிறது. ஏறி இறங்கும் ஓசையை மன்னிப்பதில்லை.

வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது தயாரிப்பாளர் தரும் டெசிபல் எண்ணை. நானும் அப்படித்தான் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை நம்புவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. சிலர் டெசிபல் என்று போடுகிறார்கள், சிலர் பெல் என்று போடுகிறார்கள். 2.8 பெல் என்பது 28 டெசிபல்தான், பார்வைக்குத்தான் சிறியது. சிலர் தருவது தட்டு வெளியிடும் மொத்த ஒலித்திறன், சிலர் தருவது குறிப்பிட்ட தூரத்தில் காதுக்கு வரும் அழுத்தம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த எண்ணில் ‘ஏ’ என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதன் பொருள். தாழ்ந்த ஒலிகளை மனிதக் காது குறைவாகக் கேட்கிறது என்பதால், கணக்கில் அவற்றுக்குத் தள்ளுபடி தருகிறார்கள். 125 ஹெர்ட்ஸ் அருகே அந்தத் தள்ளுபடி ஏறத்தாழ 16 டெசிபல். மார்கழி இரவில் நம்மை எழவைக்கிற ரீங்காரம் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. எதிரொலியற்ற சோதனை அறையில் தனியாக வைத்து அளக்கப்பட்ட தட்டும், தகரப் பெட்டிக்குள் திருகப்பட்டு, மரமேஜைக்கு அடியில், மொசைக் தரையின் மேல் உட்கார்ந்திருக்கும் தட்டும் ஒன்றல்ல.

எண்ணைவிடச் சுழல்வேகம் நம்பகமான வழிகாட்டி. அதிலும் சொற்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2020ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ‘5400 வகுப்பு’ என்று குறிப்பிட்டு விற்ற சில தட்டுகளைப் பற்றிச் சந்தேகம் கிளம்பியது. வாங்கியவர்கள் ஒலிவாங்கியை அருகில் வைத்துப் பதிவுசெய்து, எந்த அதிர்வெண் ஓங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். 90 இருக்க வேண்டிய இடத்தில் 120 இருந்தது. 7200ல் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. ‘வகுப்பு’ என்பது சுழல்வேகத்தைக் குறிப்பதல்ல, செயல்திறனைக் குறிப்பது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. மொழியின்மேல் அக்கறை உள்ளவர்கள் சேமித்துவைத்துக்கொள்ள வேண்டிய விளக்கம். எனக்கு இதில் பிடித்தது, உண்மையைக் கண்டுபிடித்தது காது என்பதுதான்.

ஹீலியம் நிரப்பியவை சத்தமில்லாதவை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 2013 முதல் விற்பனைக்கு வந்த இவற்றின் உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம். காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான் என்பதால் தட்டுகள் சுழலும்போது தடையும் கொந்தளிப்பும் குறைகின்றன, அது உண்மை. ஆனால் அந்தச் சலுகையை நிறுவனங்கள் நம் காதுக்குத் தரவில்லை, கொள்ளளவுக்குக் கொடுத்துவிட்டன. உள்ளே ஏழு தட்டு, எட்டுத் தட்டு என்று அடுக்கி, 7200ல் சுழற்றி, கனமான கை ஒன்றை அங்குமிங்கும் வீசுகிறார்கள். முனை தாவும்போது யாரோ மேஜையை உள்ளிருந்து தட்டுவதுபோல் இருக்கும். சில மாதிரிகள் வேலையே இல்லாதபோதும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ‘டொக்’ என்கின்றன. படுக்கையறையில் வைப்பதற்கு அல்ல இது.

இன்னொரு வகை, வீட்டோடு சேர்ந்த உவமை கேட்பது. ஓட்டுக்கூரையில் ஓட்டின் மேல் அடுத்த ஓடு ஏறி உட்கார்வதுபோல, ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் பாதி ஏறும்படி எழுதுபவை. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் சுற்றியுள்ளவற்றையும் கழற்ற வேண்டும் அல்லவா, அதே நிலைமை இங்கும். அதனால் இந்தத் தட்டுகள் அவசரத்துக்கு ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டு, நாம் சும்மா இருக்கும்போது எடுத்து அடுக்குகின்றன. இரவு ஒரு மணிக்கு, எந்த வேலையும் கொடுக்காத கணினி தனக்குள் முணுமுணுத்தால் பயப்பட வேண்டாம், ஓடு மாற்றுகிறது. மடிக்கணினி அளவில், இரண்டரை அங்குலத்தில் வரும் நான்கு, ஐந்து டெராபைட் தட்டுகள் இந்த வகைதான். இருந்தும், ஒருமுறை எழுதி எப்போதாவது படிக்கிற நம் ஸ்கேன் பக்கங்களுக்கு இவை போதும் என்பது என் எண்ணம். 5400ல் சுழலும் இரண்டரை அங்குலத் தட்டைவிட அமைதியான சுழல்தட்டு எதையும் நான் கேட்டதில்லை.

2000களின் தொடக்கத்தில் வந்த தட்டுகளில் 128 முதல் 254 வரை ஒரு எண்ணைக் கொடுத்து, முனை மெதுவாக நகரட்டும், சத்தம் வேண்டாம் என்று நாமே சொல்லிவிடலாம். இன்றைய தட்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. நல்ல விஷயங்கள் காரணம் சொல்லாமல் போய்விடுகின்றன.

எதை வாங்கினாலும், அதை எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வீணையின் தந்தியை மட்டும் தனியே எடுத்து மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. குடம்தான் அதைப் பெருக்குகிறது. கணினியின் தகரப் பெட்டி வன்தட்டுக்குக் குடம். நான்கு திருகுகளை இறுக்கும்போது நாம் ஒரு வாத்தியம் செய்துகொண்டிருக்கிறோம். திருகுக்கும் தகரத்துக்கும் இடையே ரப்பர் வளையம் வைத்தாலே ரீங்காரம் பாதியாகிவிட்டதாகத் தோன்றும். தையல்கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் நாடாவில் தட்டை ஊஞ்சல்போலக் கட்டித் தொங்கவிடுவது இன்னும் மேல். கணினியை இடம் மாற்றும்போது மட்டும் அவிழ்த்துவிட வேண்டும். பக்கத்தில் காற்று போக வழி இருக்க வேண்டும். ஒலிபெருக்கியை அதே பெட்டியின் மேல் வைக்கக் கூடாது, ஏனென்றால் சத்தம் தட்டுக்கும் ஆகாது. 2016 செப்டம்பரில் புகாரெஸ்டில் ஐ.என்.ஜி. வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்புச் சோதனை நடத்தினார்கள். தீ இல்லை, தண்ணீர் இல்லை. அணைக்கும் வாயு பீறிட்ட சத்தத்திலேயே ஏராளமான வன்தட்டுகள் பழுதாகி வங்கியின் சேவை மணிக்கணக்கில் நின்றுபோனது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் முட்டாள்தனத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பத்து வருடத்துக்கு முன்பு கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன்னிடமிருந்த சிற்றிதழ்களில் நாற்பத்து மூன்றை ஸ்கேன் செய்துகொள்ளக் கொடுத்தார். எழுபதுகளில் இரண்டு, மூன்று இதழ்களோடு நின்றுபோன பத்திரிகைகள் அவற்றில் பல. “ஜாக்கிரதையாத் திருப்பிக் கொண்டுவந்துடணும் தம்பி” என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எடுத்தேன். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் எனக்கு நிசப்தப் பித்து உச்சத்தில் இருந்தது. மேஜைக்கடியில் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே நாற்புறமும் ஸ்பாஞ்சு ஒட்டி, அதற்குள் வன்தட்டை வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிற நண்பர்களை மேஜைக்கு அடியில் தலையை விட்டுக் கேட்கச் சொல்வேன். ஒன்றும் கேட்காது. பெருமையாக இருக்கும்.

சாகப்போகிற வன்தட்டு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகிறது. முனை தான் தேடும் இடத்தைக் கண்டடைய முடியாமல் திரும்பத் திரும்பப் போய் முட்டும். ‘ளிக், ளிக்’ என்று சீரான ஓசை. ஒரு வாரம் கூட அவகாசம் தந்தவை உண்டு, அதற்குள் எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம். என் தட்டும் சொல்லியிருக்கும். ஸ்பாஞ்சிடம் சொல்லியிருக்கும். ஒரு நாள் காலையில் கணினி அதை அடையாளம் காணவில்லை. மூடிய பெட்டியின் சூடுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து 2007ல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பில்லை என்று அதில் இருந்தது. பழுதானவற்றில் பாதிக்கும் மேல், தட்டு தன் உடல்நிலை பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்புகளின் முக்கியமான நான்கில் எந்த எச்சரிக்கையும் தராமலே போயின என்றும் இருந்தது. ஆக, சூட்டைக் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஸ்பாஞ்சுக்கும் தச்சருக்கும் கொடுத்த பணத்தில் இரண்டாவதாக ஒரு தட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

மறுபடியும் கும்பகோணம் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். பெரியவர் காலமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. மகன் வீட்டைக் காலிசெய்தபோது புத்தகங்களையெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டாராம். நாற்பத்து மூன்றில் இருபத்து நான்கை இதுவரை வேறு இடங்களில் பார்த்துவிட்டேன். மிச்சம் பத்தொன்பது. அவற்றில் ஒன்றின் அட்டையில் ஊதா மையில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் இருந்தது மட்டும் கண்ணில் நிற்கிறது.

இப்போது எனக்கு அமைதியான வன்தட்டு வேண்டும் என்ற ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் இரண்டு தட்டுகள், பிறகுதான் எது அமைதியானது என்ற கேள்வி. எழுதுகிற மேஜையில் இருப்பது எஸ்.எஸ்.டி. மட்டுமே உள்ள சிறிய கணினி. ஸ்கேன்கள் இருக்கும் 5400 சுற்றுத் தட்டு ஒன்று கூடத்தில், அலமாரிக்கு மேல், வலைக்கம்பியின் மறுமுனையில், ரப்பர் கால்களின் மேல் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் ஓசை 6 டெசிபல் குறையும் என்பார்கள், இடையே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருந்தால் கணக்கே வேண்டாம். இன்னொரு தட்டு தங்கை வீட்டில், பட்டுப்புடவைகளோடு பீரோவில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுகிறேன். மழை வந்தாலும் ஒழுகினாலும் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் ஒழுகாது என்ற தைரியம்.

ஓசையற்ற தட்டைத் தேடுவதே தவறு என்று வாதிடும் நண்பர் ஒருவர் உண்டு. வன்தட்டின் சத்தம் கேட்டால்தான் தனக்கு எழுத வரும், வீட்டில் யாரோ விழித்துக்கொண்டு வேலை செய்வதுபோல் இருக்கிறது என்பார். அவர் கட்சியில் நான் சேரவில்லை. என்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் எழுவதற்கு முன்பு ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரிமேல் இருக்கும் தட்டில் ஒரு நிமிடம் காதை வைத்துப் பார்க்கிறேன். தாழ்ந்த ஸ்தாயியில் 90 ஹெர்ட்ஸ். அது மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற வாரம் அதன் நடுவே ஒரு ‘ளிக்’ கேட்டது. நேற்று மறுபடியும் கேட்டது. இன்று மாலையே புதுத் தட்டு வாங்கி வந்து, நகலெடுக்க விட்டிருக்கிறேன். அவசரத்தில் இரண்டையும் எழுதுகிற மேஜையிலேயே வைத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து கரகரக்கின்றன. முடிய இன்னும் ஒன்பது மணி நேரம் ஆகும் என்று திரை சொல்கிறது. விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறேன்.